செகண்ட் ஹேண்ட் கிப்சனா, ஃபெண்டரா? மூடியைக் கழற்றிவிட்டு விலை பேசுங்கள்

என் வேலை மேசைக்கு மேலே, சுவரில் ஒரு செர்ரி சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார் தொங்குகிறது. தலையில் 'கிப்சன்' என்ற எழுத்து முத்துச்சிப்பி போல மின்னும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் லட்சக்கணக்கில் பெறுமான கிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால், நான் பாடம் படிக்கக் கட்டிய நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் ஃபீஸ்.

விற்றவர், "அண்ணன் துபாய்ல இருந்து கொண்டாந்தது சார், அவசரமா பணம் தேவைப்படுது" என்றார். நான் நிறத்தைப் பார்த்தேன், பெயரைப் பார்த்தேன், ஆம்பில் சொருகி நாலு கார்டு வாசித்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் ஸ்ட்ரிங் மாற்றும்போதுதான் தலைப்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன மணி வடிவ மூடி கண்ணில் பட்டது. அதில் மூன்று ஸ்க்ரூ. கிப்சன் போடுவது இரண்டு.

அன்றிலிருந்து இன்றுவரை கையில் வந்த கிட்டார்களைப் பிரித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: போலி செய்கிறவன் முகத்துக்குச் செலவு செய்கிறான், வயிற்றில் மிச்சம் பிடிக்கிறான். ஃபோட்டோவில் தெரியும் இடமெல்லாம் அச்சு அசலாக இருக்கும். மூடிக்குப் பின்னால், பெயின்டுக்கு அடியில், ஸ்க்ரூவின் தலையில் காசை மிச்சம் பிடித்தது தெரிந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது அந்த இடங்களை.

அதிகம் காப்பியடிக்கப்படுபவை கிப்சன் லெஸ் பாலும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் என்பதால் இந்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் 'தாத்தா காலத்து கிப்சன்' என்று பரணிலிருந்து இறங்கும் கிட்டார்களில் பல, உண்மையில் 'கிவ்சன்'. கொல்கத்தாவில் செய்யப்படும் இந்திய பிராண்டு அது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைப் போலி என்று திட்ட வேண்டாம், அதற்கென்று ஒரு விலை இருக்கிறது. கிப்சன் விலையைக் கொடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

விற்பவரிடம் ஃபோட்டோ கேளுங்கள். முன்பக்க ஃபோட்டோ எல்லோரும் அனுப்புவார்கள், அதனால் பயனில்லை. தலையின் பின்புறம், சீரியல் எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. உடம்பின் மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பக்கவாட்டில் ஒன்று. பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே ஒயரிங் தெரியும்படி ஒன்று. லெஸ் பால் என்றால், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் முனையை மறைக்கும் அந்த மணி வடிவ மூடியைக் கழற்றி ஒன்று. இந்த நாலும் போதும்.

"அதெல்லாம் கழட்டக் கூடாது தம்பி, வாரன்டி போயிடும்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பதினைந்து வருஷக் கிட்டாருக்கு வாரன்டி! அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டேன். கழற்றத் தெரியாது என்று சொல்பவர் வேறு. அவர் வீட்டுக்கு நாம் போய்க் கழற்றிக்கொள்ளலாம். நேரில் பார்க்கும் முன் ஜிபேயில் அட்வான்ஸ் மட்டும் போடாதீர்கள். 'ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு' என்று தொடங்கும் கதைக்கு பதில்கூடப் போட வேண்டாம்.

நேரில் போகும்போது ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டேப், வெள்ளைப் பருத்தித் துணி, டார்ச் எடுத்துப் போங்கள். செல்ஃபோன் டார்ச்சே போதும்.

லெஸ் பால்: முதலில் எண்ணைப் படியுங்கள்

தலையின் பின்னால் இருக்கும் எண் வெறும் எண் அல்ல, அதற்குள் பிறந்த தேதி இருக்கிறது. 1977 முதல் கிப்சன் எட்டு இலக்க எண் போட்டது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் வருஷம். இடையில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். 90345512 என்று இருந்தால் 9-ம் 5-ம் சேர்ந்து 1995, 034-வது நாள், அதாவது பிப்ரவரி 3. 2005-ன் நடுவிலிருந்து இடையில் ஓர் இலக்கம் கூடி எண் ஒன்பது இலக்கமானது. 022881345 என்பதைப் பிரித்தால் 2008-ன் 228-வது நாள். லீப் வருஷம் என்பதால் எண்ணிப் பாருங்கள், ஆகஸ்ட் 15 வரும். நாம் இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த அன்று அங்கே நாஷ்வில்லில் எண் குத்தியிருக்கிறார்கள்.

இதற்கு விலக்குகள் உண்டு. 1994 கம்பெனியின் நூற்றாண்டு என்பதால் அந்த வருஷத்து எண்கள் பலவும் 94 என்றே தொடங்கும். 2014 முதல் சில வருஷங்களுக்கு முதல் இரண்டு இலக்கமே வருஷம். கிப்சனின் விலை உயர்ந்த தனிப் பிரிவான கஸ்டம் ஷாப் கிட்டார்களுக்கு முறையே வேறு. ஆனால் சாதாரண லெஸ் பாலில் நாள் எண் 366-ஐத் தாண்டினாலோ, '2003 மாடல்' என்று விற்பவர் சொல்லி எண் 1998 என்று சொன்னாலோ, அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண் சரியாக இருப்பதாலேயே கிட்டார் அசல் ஆகிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். போலி செய்கிறவன் ஏதோ ஓர் அசல் கிட்டாரின் எண்ணை எடுத்து வரிசையாக எல்லாவற்றிலும் குத்தித் தள்ளுவான். அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். அதே எண்ணில் நீலம், கறுப்பு, தங்கம் என்று மூன்று கிட்டார் விற்பனைக்கு நின்றால் விஷயம் முடிந்தது.

எண்ணைவிட அது எப்படிக் குத்தப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். கிப்சன் மரத்தில் அழுத்திக் குத்திய பிறகுதான் மேலே பெயின்ட் அடிக்கும். அதனால் இலக்கங்களின் ஓரம் மழுங்கி, பள்ளத்துக்குள் பெயின்ட் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்பதும் அப்படியே. விரல் நுனியால் தடவினால் பள்ளம் தெரியும். போலிகளில் எழுத்து மெலிந்து, கூர்மையாக, பெயின்டுக்கு மேலே கீறியது போல இருக்கும்.

தலையும் கழுத்தும்

ட்ரஸ் ராட் மூடியில் இரண்டு ஸ்க்ரூவா மூன்றா என்பது முதல் பார்வை. இது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, புதிய போலிகள் சிலவற்றில் இரண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். எனவே அங்கேயே நின்றுவிடாமல் அந்த இரண்டையும் கழற்றுங்கள்.

மூடிக்கு அடியில் ஒரு குழி. அதற்குள் டார்ச் அடியுங்கள். கிப்சனில் ஒரு பித்தளை நட் தெரியும், ஆறு பட்டையுள்ள சின்ன நட், கம்பியின் முனையில் வெளியே உட்கார்ந்திருக்கும். அதைத் திருப்ப வெளியிலிருந்து பிடிக்கும் குழாய் ஸ்பேனர் வேண்டும். போலியில் பெரும்பாலும் ஆலன் கீ நுழைக்கும் ஓட்டைதான் இருக்கும். வாங்க வந்த இடத்தில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் செய்வேன். என் சுவர்க் கிட்டாரில் அந்தக் குழிக்குள் கறுப்பு இரும்பில் ஓர் ஆலன் ஓட்டை, அதைச் சுற்றி மரத்தூள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து கழுத்தின் பின்புறம். கிப்சன் கழுத்தையும் தலையையும் ஒரே மரத்துண்டில் வெட்டும். தலையின் அகலத்துக்கு மரம் போதாது என்பதால் இரண்டு ஓரத்திலும் காது போல ஒவ்வொரு சின்னத் துண்டை ஒட்டும். மரம் தெரியும்படி பெயின்ட் அடித்த கிட்டாரில் அந்த இரண்டு நீளக் கோடுகளைப் பார்க்கலாம். போலிகளில் தலை தனித் துண்டு. கழுத்தின் குறுக்கே ஓர் ஒட்டுக்கோடு ஓடும். இப்படிச் செய்தால் மரம் மிச்சம், வேலையும் சுலபம். நியாயமாகப் பார்த்தால் அது பலமான இணைப்புதான். கிப்சனின் ஒரே துண்டுக் கழுத்து கீழே விழுந்தால் தலை முறிவதற்குப் பேர் போனது. ஆனால் நாம் இங்கே பலத்தைச் சோதிக்க வரவில்லை.

குறுக்குக் கோடு நேராக, சீராக இருந்தால் அது ஒட்டு. கோணல்மாணலாக, பெயின்ட் நிறம் மாறி இருந்தால் அது முறிந்து ஒட்டிய அசல் கிட்டாராக இருக்கலாம். போலியல்ல, ஆனால் விலை நன்றாக இறங்க வேண்டும். இரண்டையும் மறைக்க அழுத்தமான கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய கதையாகிவிடும்.

பிரிட்ஜ், ஓரப்பட்டை

பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்களைப் பாருங்கள். கிப்சனில் அவை ஒல்லியாக, விரலால் திருப்பும் சின்னச் சக்கரத்தோடு இருக்கும். தடித்த தூணின் தலையில் பெரிய ஸ்க்ரூடிரைவர் வெட்டு இருந்தால் அது எபிஃபோன் வகை. எபிஃபோன் என்பது 1957 முதல் கிப்சனின் சொந்தக் கம்பெனி, அதுவும் அசல் கிட்டார்தான். எபிஃபோனை எபிஃபோன் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்குங்கள். தலையைத் தேய்த்து கிப்சன் என்று பெயர் மாற்றினால்தான் வம்பு. பிரிட்ஜை ஆசைக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு, அதனால் இந்த ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கட்அவே வளைவுக்குள், அதாவது உயர்ந்த ஸ்வரங்களுக்குக் கை நுழையும் இடத்தில், வெள்ளை ஓரப்பட்டையைப் பாருங்கள். கிப்சனில் பட்டையின் அகலம் எங்கும் ஒன்றே. எனவே வளைவுக்குள் பட்டைக்கும் பின்பக்க மஹாகனிக்கும் நடுவில் முன்பக்க மேப்பிள் மரத்தின் விளிம்பு ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். எபிஃபோனிலும் பல போலிகளிலும் அங்கே பட்டை அகலமாகி அந்தக் கீற்றை மூடிவிடும்.

பின்பக்க மூடி

நாலு ஸ்க்ரூ, இரண்டு நிமிஷம். உள்ளே இருப்பவை வால்யூம், டோன் கண்ட்ரோல்கள் நாலு. இவற்றை 'பாட்' என்போம். அசலில் ஒவ்வொன்றும் சுமார் 24 மில்லிமீட்டர் விட்டம், கிட்டத்தட்ட ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். போலியில் 16 மில்லிமீட்டர் குட்டிகள், ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேருக்கு வாங்குவோமே, அந்த ஜாதி. அசலின் ஒயர்கள் உலோகப் பின்னல் போட்டு வரும். போலியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல் போன்ற பிளாஸ்டிக் ஒயர், வீட்டு காலிங் பெல்லைப் பிரித்ததுபோல இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2008 வாக்கில் தொடங்கி கிப்சன் சில மாடல்களில் பச்சை சர்க்யூட் போர்டு போட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கண்டதும் "ஐயோ, சைனா" என்று ஓடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஒரு நல்ல கிட்டாரை விட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தான். போர்டைப் பார்த்தால் கிட்டாரின் வருஷத்தோடும் மாடலோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் அடியில் இருக்கும் 'பேட்டன்ட்' ஸ்டிக்கரை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது. போதாக்குறைக்கு, அறுபதுகளில் கிப்சனே தன் பிக்அப்களில் ஒட்டிய 2,737,842 என்ற பேட்டன்ட் எண் பிக்அப்புக்கு உரியதே அல்ல, கம்பிகளைக் கட்டும் டெயில்பீஸுக்கு உரியது.

கறுப்பு மை

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு லெமன் ஆயில் விட்டு, கழுத்தின் முன்பக்கம் விரல் பதிக்கும் பலகையான ஃபிரெட்போர்டைத் தேயுங்கள். அசல் ரோஸ்வுட்டில் அழுக்குத்தான் வரும். மலிவு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் துணியில் கறுப்போ அடர்சிவப்போ இறங்கும். ரோஸ்வுட் என்று நான் சொல்வது பெரும்பாலும் நம் ஈட்டி மரத்தைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிற அதே ஈட்டி, அமெரிக்காவில் போய்க் கிட்டார் கழுத்தில் உட்காருகிறது.

இந்த ஈட்டி மரத்தால் கிப்சனுக்கு வழக்கும் வந்தது. மர இறக்குமதிச் சட்டத்தை மீறியதாகச் சொல்லி 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் அதன் தொழிற்சாலைகளில் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து வந்த மரத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த வருஷம் 3,00,000 டாலர் அபராதத்தோடு சமரசம் ஆனது. அந்தக் காலத்தில் மரம் கிடைக்காமல், சூட்டில் வாட்டிய மேப்பிளைச் சில மாடல்களின் ஃபிரெட்போர்டில் போட்டார்கள். எனவே 2012 கிட்டாரில் ரோஸ்வுட் இல்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

ஸ்ட்ராட்: இங்கே ஏமாற்று வேறு விதம்

ஃபெண்டரில் முழுப் போலியைவிட 'பதவி உயர்வு' பெற்ற கிட்டார்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. ஸ்க்வயர் என்பது ஃபெண்டரின் மலிவு விலை பிராண்டு. அதன் தலையைத் தேய்த்து ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு படி ஏற்றுவார்கள். மெக்சிகோ ஃபெண்டரை அமெரிக்க ஃபெண்டர் என்று சொல்லி இன்னொரு படி. இதைக் கண்டுபிடிப்பது லெஸ் பாலைவிடக் கடினம். ஸ்ட்ராட் நாலு ஸ்க்ரூவில் கழுத்தைப் பிரித்து மாட்டும்படி 1954-லேயே வடிவமைக்கப்பட்டது. கழுத்து ஓர் ஊர், உடம்பு ஓர் ஊர், பிக்அப் இன்னோர் ஊர் என்று கலந்து கட்டலாம்.

முதலில் எண்ணின் முன்னெழுத்து. எம்.என். என்றால் மெக்சிகோ, தொண்ணூறுகள். எம்.இசட். என்றால் மெக்சிகோ, 2000-த்துக்குப் பின். 2010 முதல் எம்.எக்ஸ். அமெரிக்கக் கிட்டாருக்கு அதே வரிசையில் என், இசட், யு.எஸ். அடுத்து வரும் இலக்கம் வருஷத்தைக் காட்டும். ஒரு வருஷம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். 'மேட் இன் மெக்சிகோ' என்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு குறைந்து திட்டாக இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். உப்புக் காகிதத்தால் தேய்த்த இடம் சாய்ந்த வெளிச்சத்தில் தப்பவே தப்பாது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் மட்டும் எண் இருந்தால், அது தனியே விலைக்குக் கிடைக்கும் தகடு என்பதை மனதில் வையுங்கள். 1976-ல் ஃபெண்டர் எண்ணைத் தகட்டிலிருந்து தலைக்கு மாற்றிவிட்டது. பழைய மாடல்களைத் திரும்பச் செய்யும் வரிசைகளில் மட்டும் அது தகட்டிலேயே வரும்.

பிறகு ஃபிரெட்டை, அதாவது ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, எண்ணுங்கள். 1987-ல் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் 22 ஃபிரெட், பிரிட்ஜ் இரண்டு தூண்களில் நிற்கும். மெக்சிகோ ஸ்டாண்டர்டில் 21 ஃபிரெட், பிரிட்ஜ் ஆறு ஸ்க்ரூவில் நிற்கும். 2018-ல் ப்ளேயர் வரிசை வந்ததும் மெக்சிகோவும் 22-க்கும் இரண்டு தூணுக்கும் மாறிவிட்டது. '2010 அமெரிக்கன் ஸ்டாண்டர்டு' என்று சொல்லி 21 ஃபிரெட்டைக் காட்டினால், கழுத்து வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. உடம்பின் தடிமனையும் அளந்துவிடுங்கள். ஸ்ட்ராட் சுமார் 45 மில்லிமீட்டர், மலிவு ஸ்க்வயர் சிலவற்றில் 40 வரை இறங்கும்.

பெரிய விலை என்றால் கழுத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். கழுத்தின் அடிமுனையிலும் அது உட்காரும் குழியிலும் தேதி முத்திரையோ பென்சில் குறிப்போ இருப்பது வழக்கம். அதை நீங்கள் செய்யாதீர்கள், விற்பவரையோ தெரிந்த மெக்கானிக்கையோ செய்யச் சொல்லுங்கள். எழுபதுகளின் கிட்டார் என்று சொன்னால் உள்ளே இருக்கும் 'பாட்' கண்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணையும் கேளுங்கள். 1377633 என்றால் 137 தயாரித்த கம்பெனி, 76 வருஷம், 33 வாரம். கிட்டார் 1974 என்று சொல்லி பாட் 1976 என்று சொன்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஈயப் பற்றைப் பாருங்கள், புதுசாகப் பளபளக்கிறதா, தூசி படிந்து மங்கியிருக்கிறதா என்று.

1965-க்கு முந்திய ஸ்ட்ராட் என்று யாராவது சொன்னால், இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் போங்கள். அந்த விலைக்கு வேலை செய்யும் போலிகள் என் கண்ணையே கட்டிவிடும்.

எதை வைத்து முடிவு செய்யக் கூடாது

எடை வேண்டாம். 'அசல் லெஸ் பால் கனமா இருக்கும்' என்பார்கள். எண்பதுகளிலிருந்து கிப்சன் உடம்புக்குள் துளை போட்டும் குடைந்தும் எடையைக் குறைத்து வந்திருக்கிறது. சத்தம் வேண்டாம், விற்பவரின் ஆம்பில் எந்தக் கிட்டாரும் இனிக்கும். பெட்டியும் சான்றிதழும் வேண்டாம், இரண்டும் தனியாகக் கிடைக்கும். கடை பில் இருந்தால் நல்லது, அதில் சீரியல் எண் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

ஒரு குறை தெரிந்தவுடன் "ஏமாத்தப் பாக்கறீங்களா" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பலர் தாங்களே ஏமாந்து வாங்கியவர்கள், எனக்கு விற்ற அந்தத் துபாய்க்காரரின் தம்பிகூட அப்படித்தானோ என்னவோ. "இதுல கொஞ்சம் பார்ட்ஸ் மாறியிருக்கு அண்ணா, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். எண்ணையும் ஃபோட்டோக்களையும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்கவும் தயங்காதீர்கள்.

கிளம்பும் முன் கழற்றியதை மாட்டிவிட்டுப் போங்கள். மரத்தில் ஸ்க்ரூ போடும்போது நேரே முறுக்கினால் புதுப் பள்ளம் விழுந்து ஓட்டை பெருத்துவிடும். முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று இறங்குவது கைக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம், இரண்டு விரலில் பிடித்து, இறுகும் வரை மட்டும்.